ஆகஸ்ட் படங்களுக்கு நடுவே ஒரு கோப்பு

கேள்வி: மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். செம்பூரில் வசிக்கிறேன். எங்கள் தமிழ் அமைப்பின் இணையதளத்தைப் பதினோரு ஆண்டுகளாக நான்தான் கவனித்துவருகிறேன். தாராவி, மாட்டுங்கா, ஆன்டாப் ஹில், முலுண்டு எனப் பல இடங்களில் வாழ்ந்த பெரியவர்களின் நினைவுக் கட்டுரைகள் முந்நூறுக்கு மேல் அதில் இருக்கின்றன. எழுதியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. சென்ற மாதம், தளத்தைத் தன் கணினியில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனம், தளம் இயங்கும் நிரல்மொழியான பிஎச்பியின் பதிப்பை மாற்றப்போவதாக மின்னஞ்சல் அனுப்பியது. பயந்துபோய், தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸை 4.9 பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு மாற்றினேன். அன்றிலிருந்து முகப்பு மட்டும் திறக்கிறது. எந்தக் கட்டுரையைத் தொட்டாலும் வெறும் வெள்ளைப் பக்கத்தில் 404 என்று வருகிறது. கூகுளில் அமைப்பின் பெயரைத் தேடினால் ஜப்பானிய எழுத்தில் கைப்பை விளம்பரங்கள் தெரிகின்றன. கைப்பேசியில் திறந்தால் சூதாட்டத் தளத்துக்குப் போகிறது என்று உறுப்பினர்கள் சொல்கிறார்கள். என் கணினியில் அப்படி எதுவும் நடக்கவில்லை. 2022 தீபாவளி சமயத்தில் பென் டிரைவில் எடுத்த நகலை அப்படியே ஏற்றிவிடலாம் என்கிறான் தங்கை மகன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டித்தர ஒரு நிறுவனம் நாற்பதாயிரம் ரூபாய் கேட்கிறது. பொங்கல் மலர்களில் கட்டுரைகளுக்கான க்யூஆர் குறிகளை வேறு அச்சிட்டிருக்கிறோம். நான் கைவைத்ததால்தான் எல்லாம் போயிற்றா? கோப்புகளின் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேள்விதான் உங்களை இத்தனை நாளாகத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது என்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. நீங்கள் கைவைத்ததால் எதுவும் போகவில்லை. கட்டுரைகளும் போகவில்லை. அவை டேட்டாபேஸ் என்ற தரவுக் கிடங்கில் இருக்கின்றன. அவற்றுக்குப் போகும் வழி மட்டும்தான் அடைபட்டிருக்கிறது.

இதை ஆறுதலுக்காக எழுதவில்லை. நீங்கள் அனுப்பிய பட்டியலை மூன்று முறை வரிவரியாகப் படித்தேன். வேர்ட்பிரஸ் நாம் ஏற்றும் படங்களை 'அப்லோட்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் ஆண்டு வாரியாக, மாத வாரியாகப் பிரித்து வைக்கும். உங்கள் 2014-க்குள் 08 என்ற ஃபோல்டரில் சுதந்திர தினக் கொடியேற்றப் படங்கள் இருக்கின்றன. முப்பத்தெட்டுக் கோப்புகள், எல்லாம் ஜேபெக். அவற்றின் நடுவே ஒன்று மட்டும் பிஎச்பி என்று முடிகிறது. பெயர்கூட மற்றப் படங்களின் பெயரைப் போலவே இருக்கிறது. படம் வைக்கும் இடத்தில் இயங்கும் நிரலுக்கு என்ன வேலை? அதற்கு எதிரே 2021 மார்ச் என்று தேதி இருந்தது. கோப்பின் தேதியைப் போலியாக மாற்ற முடியும் என்பதால் அதை மட்டும் நான் நம்பவில்லை. அதனால்தான் உங்கள் பென் டிரைவில் அதே இடத்தைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அங்கேயும் அதே கோப்பு இருப்பதாக மறுநாள் எழுதினீர்கள்.

அப்படியென்றால் 2022 தீபாவளிக்கு முன்பே நோய், அதாவது அந்தத் தீய நிரல், உள்ளே வந்துவிட்டது. நீங்கள் புதுப்பித்தது சென்ற மாதம். தங்கை மகனின் யோசனைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அந்த நகலை ஏற்றினால் நோயும் சேர்ந்தே ஏறும். அவர் சொன்னது நல்லெண்ணத்தில்தான். நகலிலிருந்து மீட்பது நியாயமான வழிதான், நகல் சுத்தமாக இருக்கும்போது. ஆனாலும் அந்தப் பென் டிரைவைப் பத்திரமாக வையுங்கள். கட்டுரைகளையும் படங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க அது பிறகு வேண்டியிருக்கும்.

எந்த வழியாக வந்திருக்கும் என்பதற்கும் உங்கள் இரண்டாவது கடிதத்திலேயே தடயம் இருக்கிறது. விலை கொடுத்து வாங்க வேண்டிய தீம் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தொகுப்பு) ஒன்றை 2016-இல் தெரிந்தவர் ஒருவர் இலவசமாகப் போட்டுக்கொடுத்தார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதல் சந்தேகம் அதன்மேல்தான். பூட்டை உடைத்துப் பகிரப்படும் தீம்களில் திருடன் நுழையப் பின்வாசலும் சேர்த்தே வைக்கப்பட்டிருப்பதை என் வேலையில் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், உரிமம் இல்லாத தீமுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்து சேராது. 2011 ஆகஸ்டில் 'டிம்தம்ப்' என்ற சிறுபட நிரலில் ஓட்டை வெளிப்பட்டது. 2014-இல் படங்களை நகர்த்திக் காட்டும் பிரபலமான ஸ்லைடர் பிளகின் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்) ஒன்றில் வெளிப்பட்டது. இரண்டும் தீம்களுக்குள்ளேயே பொதிந்து வந்தவை. அதனால் அப்படியொன்று தங்கள் தளத்தில் இருப்பதே பலருக்குத் தெரியாமல் போயிற்று. வேர்ட்பிரஸின் மையப் பகுதி 2013-இல் வந்த 3.7 பதிப்பு முதல் சிறிய பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே போட்டுக்கொள்கிறது. தீமும் பிளகினும் இயல்பாக அப்படிச் செய்வதில்லை. பெரும்பாலும் திருடன் நுழைவது அவற்றின் வழியாகத்தான்.

உங்கள் கணினியில் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். இந்த வகை நிரல் வருகிறவர் யார் என்று பார்த்துத்தான் நடந்துகொள்ளும். முகவரியைத் தானே தட்டச்சு செய்து வருகிறவர், ஏற்கெனவே லாகின் செய்திருப்பவர் ஆகியோருக்கு உண்மையான பக்கத்தைக் காட்டும். தேடலிலிருந்து கைப்பேசியில் வருகிறவரைச் சூதாட்டத்துக்கு அனுப்பும், அதுவும் பல சமயம் முதல் முறை மட்டும். கூகுளின் தேடல் நிரல் வந்தால் ஜப்பானியப் பக்கங்களைக் காட்டும். பொறுப்பாளரின் கண்ணில் படாமல் இருப்பதுதான் அதற்குப் பிழைப்பு. ஆகவே உறுப்பினர்கள் சொல்வதை நம்புங்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். இதில் திறமையைவிட வரிசைதான் முக்கியம். 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது உங்களுக்கும் நினைவிருக்கும். சயனில் எங்கள் தரைத்தள வீட்டில் இடுப்பளவு நீர் நின்றது. வடிந்ததும் என் அப்பா சுவரைத் துடைக்கவோ பாயை உலர்த்தவோ விடவில்லை. நீர் எந்தச் சாக்கடை வழியாக ஏறியது என்று தேடிக் கண்டுபிடித்து அதை அடைத்த பிறகுதான் வீட்டுக்குள் துடைப்பத்தை எடுத்தார். பக்கத்து வீட்டில் அன்றே வெள்ளையடித்தார்கள். அடுத்த மழைக்கு அதே கோடு வரை நீர் ஏறியது. உங்கள் தளத்திலும் உடைந்த இணைப்புகளைச் சரிசெய்யத்தான் மனம் முதலில் பரபரக்கும். தயவுசெய்து அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை நகல் எடுப்பது. ஆம், நோயோடு இருக்கும் தளத்தையே முழுமையாக நகல் எடுங்கள். ஹோஸ்டிங் பேனலில் ஃபைல் மேனேஜர் மூலம் எல்லாக் கோப்புகளையும் ஒரே ஜிப்பாக இறக்குங்கள். அதே பேனலில் இருக்கும் பிஎச்பிமைஅட்மின் என்ற கருவி மூலம் டேட்டாபேஸை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இரண்டையும் 'தொற்றுள்ள நகல்' என்று பெயரிட்டுத் தனி டிரைவில் வையுங்கள். சுத்தம் செய்யும் அவசரத்தில் ஒரு கட்டுரையை அழித்துவிட்டால் திரும்ப எடுக்க இது ஒன்றுதான் வழி. ஹோஸ்டிங் நிறுவனங்கள் பெரும்பாலும் சில நாள் நகல்களை மட்டுமே வைத்திருக்கும், அதை நம்பி இருக்கக் கூடாது.

அடுத்து, தளத்தை மூடுங்கள். ஹோஸ்டிங் பேனலிலேயே முழுத் தளத்துக்கும் பாஸ்வேர்டு பூட்டுப் போடும் வசதி இருக்கும். வருகிறவர்களில் எண்பது வயதுப் பெரியவர்களும் இருப்பார்கள். அவர்கள் கையிலிருக்கும் கைப்பேசியைச் சூதாட்டத் தளத்துக்குத் தள்ளிவிடும் வாசலை ஒரு நாள்கூடத் திறந்து வைப்பதில் நியாயமில்லை. யாராவது பணத்தை இழந்திருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறார்களோ, அவ்வளவுக்குப் பணம் கைமாறாமல் தடுக்க வாய்ப்பு உண்டு. உங்கள் தளத்தில் உறுப்பினர் விண்ணப்பப் படிவம் இருப்பதைக் கவனித்தேன். அதில் நிரப்பிய பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் அந்நியர் கைக்குப் போயிருக்கக்கூடும் என்று உறுப்பினர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் நாளை ஒரு மோசடி அழைப்பு வரும்போது அவர்கள் எச்சரிக்கையாக இருப்பார்கள்.

பிறகு சுத்தம். இதில் ஒரே விதி: பழுது பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள். கெட்ட வரிகளை ஒவ்வொன்றாகத் தேடி நீக்குவது முடிவில்லாத வேலை. பத்தை எடுத்தால் பதினொன்றாவது எங்காவது தங்கியிருக்கும். வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து புதிய ஜிப்பை இறக்குங்கள். உங்கள் தளத்தில் 'டபிள்யூபி-அட்மின்', 'டபிள்யூபி-இன்க்ளூட்ஸ்' ஆகிய இரண்டு ஃபோல்டர்களையும் முழுவதுமாக அழித்துவிட்டு, புதிய ஜிப்பில் இருப்பவற்றை வையுங்கள். மேல் மட்டத்தில் தனித்தனியாகக் கிடக்கும் பிஎச்பி கோப்புகளைப் புதிய ஜிப்போடு ஒப்பிடுங்கள். அதில் இல்லாதது உங்களிடம் இருந்தால் சந்தேகத்துக்குரியது. 'டபிள்யூபி-கான்ஃபிக்' ஒன்றுதான் இதற்கு விலக்கு. அது ஜிப்பில் இருக்காது, உங்களிடம் இருக்க வேண்டும். அதைத் திறந்து படித்துப் பாருங்கள். டேட்டாபேஸின் பெயர், பயனர், பாஸ்வேர்டு, சில பாதுகாப்புச் சாவிகள், வேறு சில அமைப்புகள் என்று சின்னதாகத்தான் இருக்கும். படிக்கும்போது திரையை வலப்பக்கம் கடைசிவரை நகர்த்திப் பாருங்கள். முதல் வரியில் நூற்றுக்கணக்கான இடைவெளிகளை விட்டு, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் நிரலை ஒளித்து வைப்பது பழைய தந்திரம்.

பிளகின்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, உண்மையில் தேவையானவற்றை மட்டும் அதிகாரபூர்வ இடத்திலிருந்து மீண்டும் போடுங்கள். உங்கள் பட்டியலில் இருபத்துமூன்று இருக்கின்றன, ஆறு போதும். அந்தத் தீமை அழித்துவிடுங்கள். தளத்தின் தோற்றம் மாறும், உறுப்பினர்கள் இரண்டு வாரம் குறை சொல்வார்கள். அதற்காக அதைத் திரும்ப ஏற்றாதீர்கள். 'எம்யூ-பிளகின்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் உள்ளவை வழக்கமான பிளகின் பட்டியலில் சேர்ந்து தெரியாது, அணைக்கும் பொத்தானும் கிடையாது. அதனால் ஒளிந்துகொள்ள வசதியான இடம் அது.

அப்லோட்ஸ் ஃபோல்டரை மட்டும் அழிக்க முடியாது. உங்கள் பதினோரு ஆண்டுப் படங்கள் அதில்தான் இருக்கின்றன. அதற்குள் பிஎச்பி என்று முடியும் கோப்புகளைத் தேடி ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். சில பிளகின்கள் காவலுக்காக ஒன்றுமே செய்யாத ஒன்றிரண்டு வரிக் கோப்பை அங்கே வைப்பதுண்டு, அதற்குப் பயப்பட வேண்டாம். பொருள் புரியாத எழுத்துக் குவியலாக ஓடும் கோப்பு எதுவானாலும் அங்கே இருக்கக் கூடாது.

டேட்டாபேஸில் மூன்று இடங்களைப் பாருங்கள். பயனர் பட்டியலில் நீங்கள் உருவாக்காத நிர்வாகிகள் இருக்கிறார்களா? அமைப்புகளில் தளத்தின் முகவரி உங்கள் முகவரிதானா? கட்டுரைகளின் உள்ளே, வேற்று நிரலையோ பக்கத்தையோ இழுத்துவரும் ஸ்கிரிப்ட், ஐஃப்ரேம் என்ற குறிகள் நுழைந்திருக்கின்றனவா? ஹோஸ்டிங் பேனலில், குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகள் என்ற பகுதியையும் விட்டுவிடாதீர்கள். அழித்த கோப்பு மறுநாள் காலையில் திரும்பி வந்தால் பெரும்பாலும் அங்கே ஒரு வரி இருக்கும்.

பாஸ்வேர்டுகளை இதன் பிறகுதான் மாற்ற வேண்டும். நோய் இருக்கும்போது மாற்றினால் புதியதும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். முதலில் உங்கள் கணினியை வைரஸ் சோதனை செய்துவிட்டு, ஹோஸ்டிங், கோப்பு ஏற்றும் எஃப்டிபி, டேட்டாபேஸ், நிர்வாகி, மின்னஞ்சல் என எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள். கான்ஃபிக்கில் உள்ள பாதுகாப்புச் சாவிகளையும் புதிதாக்குங்கள். அதைச் செய்ததும் எங்கெங்கோ லாகின் செய்திருப்பவர் எல்லாரும், திருடன் உட்பட, வெளியே தள்ளப்படுவார்கள்.

இனி இணைப்புகள்.

404 இரண்டு வகைப்படும். உங்கள் தளத்தின் தலைப்புப் படமும் மெனுவும் தெரிந்து, நடுவில் 'பக்கம் கிடைக்கவில்லை' என்று வந்தால், வேர்ட்பிரஸ் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்கிறது என்று பொருள். வெறும் வெள்ளைப் பக்கம் வந்தால், கேள்வி வேர்ட்பிரஸ் வரைக்கும் போகவே இல்லை. வாசலில் நிற்கும் சர்வரே (தளத்தை வழங்கும் கணினி) திருப்பி அனுப்பிவிட்டது. உங்களுக்கு வருவது வெள்ளைப் பக்கம். எனவே கட்டுரை காணாமல் போகவில்லை, வழிகாட்டும் பலகைதான் காணாமல் போயிருக்கிறது.

அந்தப் பலகை 'எச்டிஅக்சஸ்' என்ற சின்னக் கோப்பு. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருப்பதால், ஃபைல் மேனேஜரில் மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டும்படி அமைத்தால்தான் தெரியும். எந்த முகவரியைக் கேட்டாலும், அந்தப் பெயரில் உண்மையான கோப்பு இல்லையென்றால் வேர்ட்பிரஸிடம் கொடு என்று சர்வருக்குச் சொல்வது அதன் வேலை. இந்தக் கட்டளை தொடக்கம், முடிவு என்ற இரண்டு குறிப்பு வரிகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய கோப்பில் அது இல்லவே இல்லை. அதற்குப் பதிலாக மேலே ஏதோ பிஎச்பி கோப்புகளின் பட்டியலும், அவற்றைத் தவிர மற்றவற்றைத் தடுக்கும் கட்டளையும் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் நம் ஆகஸ்ட் கோப்பின் பெயரும் இருக்கிறது. உங்கள் இரண்டு தொல்லைகளும் சந்திக்கும் இடம் இதுதான்: நோய்தான் பலகையைப் பிடுங்கி எறிந்திருக்கிறது.

செட்டிங்ஸில், கட்டுரை முகவரிகளின் வடிவத்தை அமைக்கும் பெர்மாலிங்க்ஸ் பக்கத்துக்குப் போய் எதையும் மாற்றாமல் சேமித்தால் சரியாகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். சொல்வது சரிதான், ஆனால் பாதிதான். சேமிக்கும்போது வேர்ட்பிரஸ் தன்னுடைய இரண்டு குறிப்பு வரிகளுக்கு நடுவில் இருப்பதை மட்டுமே எழுதும். வெளியே இருக்கும் அந்நிய வரிகளை அது தொடாது. இணைப்பு வேலை செய்யத் தொடங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுவோம், நோய் உள்ளேயே இருக்கும். அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தேன். மேலே சொன்ன சுத்தம் முடிந்த பிறகு பழைய எச்டிஅக்சஸ் கோப்பை அழித்துவிட்டுச் சேமியுங்கள். அழிக்கவோ திருத்தவோ விடவில்லை என்றால் அனுமதி 444 என்று, அதாவது படிக்க மட்டும் என்று, பூட்டப்பட்டிருக்கலாம். 644 என்று மாற்றிவிட்டு அழியுங்கள். முன்பு போட்டிருந்த பாஸ்வேர்டு பூட்டும் பெரும்பாலும் இந்தக் கோப்பில்தான் எழுதப்பட்டிருக்கும், அதைத் திரும்பப் போட மறக்காதீர்கள். உள் ஃபோல்டர்களிலும் இதே பெயரில் கோப்புகளைத் தூவியிருப்பார்கள், அவற்றையும் தேடுங்கள்.

சேமிக்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். பழைய முகவரியில் ஆண்டும் மாதமும் இருந்தனவா, தலைப்பு மட்டும் இருந்ததா? மலரில் அச்சான ஒரு க்யூஆர் குறியைக் கைப்பேசியில் காட்டினால், திறக்காமலே முகவரி தெரியும். அதே வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். இன்றைக்கு எது அழகு என்பது இங்கே கேள்வியல்ல. அச்சில் போன முகவரியை யாராலும் திருத்த முடியாது, தளம்தான் அதற்குப் பணிந்து போக வேண்டும்.

தமிழைப் போன்ற எழுத்துகளில் தளம் நடத்துகிறவர்களுக்கு வரும் சிக்கல் ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்படும் உதவிக் குறிப்புகளில் இதைப் பெரும்பாலும் பார்க்க முடியாது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். தலைப்பிலிருந்து வேர்ட்பிரஸ் முகவரியை உருவாக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியையும் ஒன்பது இடம் பிடிக்கும் குறியீடாக மாற்றுகிறது. உயிர்மெய்யிலும் மெய்யிலும் எழுத்துக்கு ஒன்பது, கொம்புக்கோ புள்ளிக்கோ இன்னொரு ஒன்பது. முகவரிக்கு டேட்டாபேஸில் ஒதுக்கிய இடம் மொத்தமே 200. அதாவது இருபத்திரண்டு குறிகளைத் தாண்டினால் வெட்டிவிடும். 'தாராவியில் என் தாத்தா தோல் பதனிட்ட நாட்கள்' என்று உங்கள் தளத்தில் அருமையான கட்டுரை இருக்கிறது. அதன் முகவரி 'தாராவியில்-என்-தாத்தா-தோ' என்று பாதியில் நிற்பதைப் பாருங்கள். அது பிழையால் வெட்டுப்பட்டதல்ல, பிறந்தபோதே அப்படித்தான். திருத்துகிறேன் என்று முழுத் தலைப்பைப் போட முயலாதீர்கள்.

இதிலிருந்து இன்னொரு தொல்லை முளைக்கிறது. முதல் இருபத்திரண்டு குறிகள் ஒன்றாக இருக்கும் இரண்டு கட்டுரைகள் இருந்தால், இரண்டாவதன் முகவரியில் '-2' சேரும். உங்களிடம் 'மாட்டுங்காவில் ஒரு...' என்று தொடங்கும் கட்டுரைகள் ஐந்து இருக்கின்றன. அவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகக் கட்டும்போது, கட்டுரைகள் ஏறும் வரிசை மாறினால் இந்த எண்கள் இடம் மாறும். ஒருவர் பெயரில் அச்சான குறி வேறொருவர் கட்டுரையைத் திறக்கும். நாற்பதாயிரம் கேட்ட நிறுவனத்தை வேண்டாம் என்று நான் சொல்ல முதன்மையான காரணம் இதுதான். டேட்டாபேஸை அப்படியே வைத்துக்கொண்டு சுற்றியிருப்பதை மட்டும் மாற்றினால் முகவரிகள் ஒன்றுகூட நகராது.

முகப்பிலும் கட்டுரைகளின் உள்ளேயும் இருக்கும் பழைய எச்டிடிபி முகவரிகளைப் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் ஆக்க வேண்டுமானால், டேட்டாபேஸைக் கையால் திருத்தாதீர்கள். வேர்ட்பிரஸ் சில அமைப்புகளை நீளத்தையும் சேர்த்தே சேமித்து வைக்கிறது. ஒரு எழுத்து கூடினாலும் கணக்கு உதைத்து அந்த அமைப்பு முழுவதும் பயனற்றுப்போகும். 'பெட்டர் சர்ச் ரிப்ளேஸ்' என்ற பிளகின் அந்தக் கணக்கையும் சேர்த்துத் திருத்தும். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிடுங்கள்.

எந்தக் கட்டத்திலாவது தமிழ் எழுத்துகள் கலைந்து, மேலே புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் பதற வேண்டாம். அந்தக் கட்டுரையைத் திறந்து சேமித்துவிட மட்டும் வேண்டாம். டேட்டாபேஸின் எழுத்து அமைப்பு மாறியிருக்கிறது, பெரும்பாலும் திருப்பிக் கொண்டுவர முடியும். அந்த நிலையில் சேமித்தால் கலைந்த வடிவமே நிலைத்துவிடும். அப்போது எனக்கு எழுதுங்கள்.

எல்லா இணைப்புகளையும் எப்படிச் சரிபார்ப்பது? 'இன்டர்நெட் ஆர்கைவ்' அமைப்பின் 'வேபேக் மெஷின்' உங்கள் தளத்தையும் அவ்வப்போது படம் பிடித்து வைத்திருக்கிறது, பார்த்தேன். உங்கள் முகவரியைக் கொடுத்தால் அது சேமித்த பக்கங்களின் பட்டியல் கிடைக்கும். நோய் வருவதற்கு முந்தைய ஆண்டுகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றையும் சோதியுங்கள். உண்மையிலேயே இடம் மாறிய பக்கங்களுக்கு, பழைய முகவரியில் வருகிறவரைப் புதியதற்கு அனுப்பும் 301 திருப்பம் போடுங்கள். ஆனால் கிடைக்காத பக்கங்களை எல்லாம் முகப்புக்குத் திருப்பும் குறுக்குவழி வேண்டாம். தாத்தாவின் கட்டுரையைத் தேடி வந்தவருக்கு முகப்பு எதற்கு? அப்படித் திருப்பினால் ஜப்பானியக் கைப்பைப் பக்கங்களும் உயிரோடு இருப்பதுபோல் ஆகிவிடும். அவை 404 என்றே வரட்டும், தேடலிலிருந்து தாமாக உதிரும்.

பாஸ்வேர்டு பூட்டை எடுத்த பிறகு, தளம் கூகுளில் எப்படித் தெரிகிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலுக்குப் போங்கள். அங்கே முதலில் உரிமையாளர் பட்டியலைப் பாருங்கள். தங்களையும் உரிமையாளராகச் சேர்த்துக்கொள்வது இந்த ஜப்பானியத் தாக்குதலை நடத்துகிறவர்களின் வழக்கம். தெரியாத பெயரை நீக்கி, அவர்கள் வைத்த சரிபார்ப்புக் கோப்பையும், சமர்ப்பித்த சைட்மேப்பையும் (பக்கங்களின் பட்டியல்) அகற்றுங்கள். பிறகு பாதுகாப்புச் சிக்கல்கள் பகுதியில் எச்சரிக்கை இருந்தால், என்னென்ன செய்தீர்கள் என்று எழுதி மறுபரிசீலனை கேளுங்கள். மால்வேர் என்றால் சில நாளில் பதில் வரும். ஸ்பேம் பக்கங்கள் என்றால் வாரக்கணக்கில் ஆகலாம். சுத்தம் முடியாமல் கேட்டுவிடாதீர்கள், மறுத்துவிட்டால் திரும்பவும் காத்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் நீங்களே செய்ய வேண்டுமா? கோப்புப் பட்டியலை இத்தனை ஒழுங்காக எடுத்து அனுப்பியவரால் முடியும். இரண்டு வார இறுதிகள் பிடிக்கும், தங்கை மகன் பக்கத்தில் இருக்கட்டும். தயக்கமாக இருந்தால், சுத்தம் செய்யும் வேலையை மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள். டேட்டாபேஸைத் தொடாமல் செய்ய வேண்டும், எந்த வழியாக வந்தது என்று எழுதித் தர வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்காமல் தனிக் கணக்கு உருவாக்கிக் கொடுத்து, முடிந்த அன்றே நீக்குங்கள். தளத்தின் பெயர் யார் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்றும் பாருங்கள். அது அமைப்பின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் வீட்டில் இருக்கும் பொங்கல் மலர்களை எடுத்து மேசையில் அடுக்கி, ஒவ்வொரு க்யூஆர் குறியையும் கைப்பேசியில் காட்டிப் பாருங்கள். வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில், நீங்கள் லாகின் செய்யாத கைப்பேசியில் பாருங்கள். தாராவித் தாத்தாவின் கட்டுரையிலிருந்து தொடங்குங்கள். அது திறந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.